காலநீட்சி – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் சிறப்புச் சார்பியல் பற்றிக் கேட்டாள். வேகமாகச் செல்பவரின் காலம் உண்மையிலேயே மெதுவாகிறதா, அப்படித் தோன்றுகிறதா? இரட்டையரில் ஒருவன் மட்டும் வேகமான விண்கலத்தில் போய்வந்தால், வீட்டில் இருந்தவனைவிட இளையவனாகத் திரும்புவான் என்ற கதை எனக்குப் பிடிபடவில்லை. ரைவத மன்னன் பிரம்மலோகம் போய்த் திரும்புவதற்குள் யுகங்கள் கழிந்த கதையும் இதைத்தானே சொல்கிறது?

– ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

ரைவதனை விட்டுவிடுங்கள். அழகான கதைதான், ஆனால் அதில் வேகமும் இல்லை, கணக்கும் இல்லை. இரட்டையரில் திரும்பி வருபவன் நடுவழியில் திசை மாற்றுகிறான். அதனால் இருவர் நிலையும் ஒன்றல்ல. அதற்குமேல் அங்கே நிற்காதீர்கள்.

கொஞ்ச நாட்களாகவே எனக்கு ஒரு கோபம். யாரும் ஏறியிராத அந்த விண்கலத்தைக் காட்டிக் காட்டியே சார்பியலைக் கட்டுக்கதை ஆக்கிவிட்டோம். என் பள்ளி ஆசிரியர் ஒருவர் கரும்பலகையில் சமன்பாட்டை எழுதி, "உருப்போடு, தேர்வில் வரும்" என்றார். இதை யாராவது அளந்து பார்த்தார்களா என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. அளந்திருந்தார்கள், ஐயா! உங்கள் மகளுக்கும் அந்தச் சிரிப்பு கிடைக்கக்கூடாது.

உள்ளங்கையை நீட்டுங்கள். ஏறக்குறைய விநாடிக்கு ஒரு மியூவான் அதைத் துளைத்துக்கொண்டு போகிறது. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்றில் மோதும்போது, சுமார் 15 கிலோமீட்டர் உயரத்தில் பிறக்கும் துகள் அது. சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ விநாடி (ஒரு மைக்ரோ விநாடி என்பது விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு); பிறகு சிதைந்துவிடும். இப்படிச் சிதையும் துகளே ஒரு கடிகாரம், ஓடும்போது அதன் ஆயுள் நீளும் என்று 1938-லேயே எழுதியவர் நம் இயற்பியலாளர் ஹோமி பாபா. அதைப் பாடத்தில் சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

1963-இல் ஃபிரிஷ், ஸ்மித் என்ற இயற்பியலாளர்கள் இருவரும் அமெரிக்காவின் வாஷிங்டன் மலை உச்சியில், சுமார் 1,900 மீட்டர் உயரத்தில், ஒளியின் வேகத்தில் 99.5 விழுக்காடு வேகமுள்ள மியூவான்களை மட்டும் பிரித்து எண்ணினார்கள். பிளாஸ்டிக் கட்டியில் மியூவான் வந்து நின்றால் ஒரு மினுக்கு. சிதைந்தால் இன்னொரு மினுக்கு. இரண்டுக்கும் இடைப்பட்ட நேரமே அது நின்றபின் வாழ்ந்த காலம். மணிக்கு 563 வந்தன. கடல்மட்டத்துக்கு இறங்க 6.4 மைக்ரோ விநாடி ஆகும். நின்றுபோன மியூவான்களின் ஆயுள்படி பார்த்தால், அதற்குள் 27 மட்டுமே மிஞ்ச வேண்டும். கீழே கடலோரத்தில் எண்ணியபோது இருந்தவை 408.

மறுபடி சொல்கிறேன்: இருபத்தேழு அல்ல, நானூற்றெட்டு. வெறும் தோற்றமாக இருந்தால் செத்திருக்க வேண்டிய துகள் எப்படிக் கருவிக்குள் வந்து மினுக்கும்? மியூவானுக்கு அந்தப் பயணத்தில் கழிந்த காலம் வெறும் 0.7 மைக்ரோ விநாடி. அதன் பக்கமிருந்து பார்த்தால் ஓடியது மலைதான். மலையின் உயரமும் சுமார் 200 மீட்டராகச் சுருங்கியிருந்தது. எந்தப் பக்கமிருந்து கணக்குப் போட்டாலும் வந்து சேர்ந்தவை 408தான்.

மகளிடம் சமன்பாட்டை நீட்டாதீர்கள். முதலில் 2.2 மைக்ரோ விநாடியை ஒளியின் வேகத்தால் பெருக்கச் சொல்லுங்கள். 660 மீட்டர் வரும். மீதி 14 கிலோமீட்டரை அது எப்படிக் கடந்தது என்று அவளே கேட்பாள். அடுத்த கடிதத்தை அவள் எழுதட்டும்.