கோட்டை மான், திருவிழா இரவு, கூறைச்சேலை: படம் பழகும் மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில்

இம்முறை திருகோணமலைப் பக்கமிருந்து வந்தவை பெரும்பாலும் மாணவர் கேள்விகள். பாதியில் கமராவின் பெயர் இல்லை, லென்ஸ் இல்லை, எத்தனை மணிக்கு எடுத்தது என்றும் இல்லை. படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் எக்ஸிஃப் விவரம் (கமரா படத்தோடு சேர்த்து எழுதும் லென்ஸ், ஷட்டர், நேரக் குறிப்பு) எல்லாம் கழன்றுவிடும், டொக்கியுமென்டாக அனுப்புங்கள். இல்லாவிட்டால் நான் சோதிடம்தான் சொல்லவேண்டும்.

கேள்வி (உப்புவெளி): கடற்கரையில் சூரியன் எழும்பும் நேரம் தங்கச்சியை நிற்கவைத்து எடுத்தேன். வானம் ஒரே வெள்ளை, ஆள் ஒரே கறுப்பு. லைட்ரூம் எடிட்டிங் மென்பொருளில் திருத்தலாமா?

எரிந்துபோன வானம் திரும்பி வராது. கறுத்த ஆளை ஓரளவு மீட்கலாம். ஆகவே எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) வானத்துக்கு வையுங்கள்: ரோ (கமரா திருத்தாமல் சேமிக்கும் மூலக் கோப்பு), ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) 100, எஃப்/8, அப்பேச்சர் முறை (லென்ஸ் திறப்பை நீங்கள் வைக்க, ஷட்டரைக் கமரா பார்க்கும்), எக்ஸ்போஷர் கொம்பன்சேஷன் (கமரா கணித்த வெளிச்சத்தைக் கூட்டுவது, குறைப்பது) −1. எரிந்த இடத்தைச் சிமிட்டிக் காட்டும் ஹைலைட் எச்சரிக்கையைப் போட்டுவிட்டு, சூரிய வட்டத்தைச் சுற்றிக் கொஞ்ச இடம் மட்டும் சிமிட்டும்வரை குறையுங்கள். வீட்டுக்கு வந்து இருண்ட பகுதியை வெளிச்சமாக்கும் ஷாடோ சிலைடரை +40, +50 வரை தூக்கலாம். +100க்குத் தள்ளினால் முகம் சாம்பல் பூத்து, புள்ளி புள்ளியாகிவிடும். ஜேபெக்கில் எடுத்திருந்தால் இந்த வசதியும் இல்லை.

இதைவிட லேசான வழி ஒன்று உண்டு. நம் கரையில் சூரியன் கடலில் இருந்துதான் வரும். முகம் வேண்டுமென்றால் நீங்கள் கடலுக்கு முதுகு காட்டி நில்லுங்கள், தங்கச்சி கடலைப் பார்க்கட்டும். சூரியன் வந்து முதல் கால் மணி நேரம் முகத்தில் விழுவது நல்ல வெளிச்சம். அதற்குப் பிறகு கண் கூசிச் சுருங்கும். கடலும் முகமும் இரண்டும் வேண்டுமென்றால் பிளாஷ் தேவை: ஷட்டர் 1/200க்கு மேல் போகாமல், பிளாஷ் −1.

சூரியன் தண்ணீருக்கு மேலாக இறங்குவதை எடுக்க உட்துறைமுகப் பக்கம் போங்கள். கடற்படைப் பகுதியை நோக்கிக் கமராவைத் தூக்காதீர்கள்.

கேள்வி (தம்பலகாமம்): படம் சரியாக வருதில்லை. என்ன செற்றிங் வைக்க வேணும்?

எந்தப் படம்? கேள்வி எழுதும் செற்றிங்கை முதலில் சரியாக்குங்கள்.

கேள்வி (நகரம்): பிரெட்ரிக் கோட்டைக்குள் மான்களை எடுத்தால் எல்லாம் மங்கல். 55–250 லென்ஸ். "ஸ்டெபிலைசர்" போட்டுத்தான் இருக்கிறது.

ஸ்டெபிலைசர் உங்கள் கைநடுக்கத்தைப் பிடிக்கும், மானைப் பிடிக்காது. உங்கள் எக்ஸிஃபில் ஷட்டர் 1/80 என்று இருக்கிறது, லென்ஸ் 250இல் நிற்கிறது. சிறிய சென்சரில் 250 மி.மீ. என்பது ஏறக்குறைய 400 மாதிரி வேலை செய்யும். மான் அசையாமல் நின்றாலே 1/400 வேண்டும், நடந்தால் 1/500, துள்ளினால் 1/1000. ஷட்டர் முறைக்குப் போய் 1/500 வைத்து, ஐஎஸ்ஓவை ஓட்டோவில் விடுங்கள், உச்சம் 3200. போகஸைத் தொடர் முறைக்கு மாற்றுங்கள். கெனனில் ஏஐ சேர்வோ, நிக்கோனிலும் சோனியிலும் ஏஎஃப்-சி. ஒற்றைப் புள்ளியை எடுத்துக் கண்ணில் வையுங்கள். ஓட்டோ ஏரியாவில் விட்டால் கமரா முன்னால் நிற்கும் புல்லைத்தான் பிடிக்கும். நீங்கள் அனுப்பிய இரண்டாவது படத்தில் நடந்திருப்பது அதுதான். மானுக்குப் பின்னால் இருக்கும் வேலியையும் தகரத்தையும் பார்த்துவிட்டு அழுத்துங்கள். குந்தி இருந்து, மானின் கண் உயரத்தில் எடுங்கள். கோட்டைக்குள் இராணுவமும் இருக்கிறது. அந்தப் பக்கம் லென்ஸைத் திருப்பாதீர்கள்.

கேள்வி (நகரம்): கோணேசர் கோயிலில் பகல் 12 மணிக்கு எடுத்த படங்கள் வெளிறி இருக்கின்றன. பொலரைசர் ஃபில்டர் வாங்கவா?

வாங்கினாலும் 12 மணி 12 மணிதான். ஏப்ரல் முற்பகுதியிலும் ஆகஸ்ட் கடைசியிலும் உச்சிச் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே நிற்கும். டிசம்பரில்கூட 58 பாகையளவில்தான் இருக்கும். சிலைகளின் கண்குழிக்குள் நிழல் விழுந்து முகமே தெரியாது. காலை ஏழரைக்கு முன்னும் மாலை நாலரைக்குப் பின்னும் போங்கள். பொலரைசர் சூரியனுக்குச் செங்கோணத்தில் உள்ள வானத்தைத்தான் நீலமாக்கும், ஒன்றரை ஸ்டொப் வெளிச்சத்தையும் தின்னும் (ஒரு ஸ்டொப் குறைந்தால் வெளிச்சம் பாதி). 18 மி.மீ. அகலக் கோணத்தில் போட்டால் வானத்தின் ஒரு பக்கம் கடும் நீலமும் மறுபக்கம் வெளிறலுமாக வரும். உள்வீதியில் கமரா எடுக்க முதல் கோயிலில் கேளுங்கள்.

கேள்வி (மூதூர்): இரவுத் திருவிழாவில் ஐஎஸ்ஓ 400க்கு மேல் போகக்கூடாது என்று வகுப்பில் சொன்னார்கள். படம் இருட்டு. பிறகு லைட்ரூமில் கூட்டினால் புள்ளி புள்ளியாக இருக்கிறது.

யார் சொன்னாலும் பிழை. 400இல் இருட்டாக எடுத்து மூன்று ஸ்டொப் தூக்கினால், 3200இல் சரியாக எடுத்ததைவிடப் பல கமராக்களில் மோசமாகவே வரும். மிக நல்ல சென்சரிலும் லாபம் என்று ஒன்றும் இல்லை. புள்ளி விழுந்த படத்தை அச்சடிக்கலாம். ஆடிய படத்தை அழிக்கத்தான் வேண்டும். 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ், ஷட்டர் 1/200, ஐஎஸ்ஓ 3200: இங்கிருந்து தொடங்குங்கள். கமராவோடு வரும் 18–55 கிட் லென்ஸ் மட்டும்தான் என்றால் 18 மி.மீ. பக்கமே நில்லுங்கள், 55க்குப் போனவுடன் அது எஃப்/5.6 ஆகிவிடும். ரோவில் எடுத்தால் நொய்ஸ் குறைப்பது சுலபம்.

படத்துக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை பட்டையாக வருகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அது எல்இடி அலங்காரத்தின் வேலை. நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் மலிவான விளக்குகள் செக்கனுக்கு 100 தடவை மினுங்கும். எலக்ட்ரோனிக் ஷட்டரை நிறுத்தி மெக்கானிக்கலுக்கு மாற்றி, பட்டை வரும் இடத்தில் மேலே சொன்ன 1/200ஐ விட்டு ஷட்டரை 1/100இல் வையுங்கள். கமராவில் ஃபிளிக்கர் (மினுங்கல்) குறைப்பு இருந்தால் அதையும் போடுங்கள். சுவாமி தூக்குபவர்களின் கண்ணுக்கு நேரே பிளாஷ் அடிக்காதீர்கள்.

கேள்வி (சம்பூர்): மனுவல் முறையில் எடுத்தால்தான் தொழில்முறையா?

இல்லை.

கேள்வி (சாம்பல்தீவு): கலியாண வீட்டுப் படங்களில் பொம்பிளையின் முகத்தை வெள்ளையாக்க எந்த சிலைடர் நல்லது? ஒரேஞ்ச் லூமினன்ஸை +40 வைத்தும் காணாது.

காணாமலே இருக்கட்டும். இந்தக் கேள்வி ஊர்ப்பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு வந்துகொண்டே இருக்கிறது.

ஒரேஞ்ச் நிறத்தின் வெளிச்சத்தைக் கூட்டும் அந்த சிலைடருக்கு முகம் எது, தாலிக்கொடி எது என்று தெரியாது. ஒரேஞ்ச் எங்கே இருந்தாலும் தூக்கும். பவுண் நகை அரைவாசி ஒரேஞ்ச், அரைவாசி மஞ்சள்; அதனால் பதக்கத்தின் ஒரு பக்கம் வெளிறிப் பித்தளையாய்த் தெரியும். கூறைச்சேலையில் ஒரேஞ்ச் சாயல் உள்ள மடிப்புகள் மட்டும் வெளுத்துத் திட்டுத் திட்டாக நிற்கும். கன்னத்தின் வெளிச்சப் பக்கமும் நிழல் பக்கமும் ஒரே அளவுக்கு வந்துவிட, மூக்கு தட்டையாகும். +40இல் உதட்டோரத்திலும் தலைமயிர் ஓரத்திலும் சாம்பல் கோடு விழும்; 200 சதவீதத்தில் பெருப்பித்துப் பாருங்கள். முகத்தை மட்டும் மாஸ்க் பண்ணி (தனியாகத் தெரிவுசெய்து) வெளுத்தால் கழுத்து ஒரு நிறம், மருதாணிக் கை இன்னொரு நிறம். மேக்கப்காரர் ஏற்கெனவே இரண்டு படி வெளுத்துத்தான் அனுப்புகிறார். அதற்கு மேல் நீங்கள் இன்னும் இரண்டு படி ஏற்றினால், அல்பத்தில் பெற்ற தாய்க்கே பிள்ளையை அடையாளம் தெரியாது. காசு கொடுத்து வாங்கும் பிரீசெட்டுகள் (ஒரே சொடுக்கில் போடும் தயார் திருத்தங்கள்) பல வேறு தோலுக்கும் வேறு வெளிச்சத்துக்கும் செய்தவை. அவற்றில் ஒரேஞ்ச் முன்கூட்டியே தூக்கி, செறிவு குறைத்து இருக்கும். போட்டவுடன் நிறத்துக்கு நிறம் திருத்தும் எச்எஸ்எல் பகுதியைத் திறந்து, ஒரேஞ்ச் வரிசையைப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள்.

முகம் இருட்டாக வந்ததற்குக் காரணம் தோல் அல்ல, மீட்டர், அதாவது கமரா வெளிச்சத்தை அளக்கும் விதம். மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டியும் தலைப்பாகையும் பிரேமை நிரப்பினால், கமரா அதைச் சாம்பலாக்கப் பார்க்கும்; பக்கத்தில் நிற்கும் மாநிற முகம் கூடவே இருண்டுபோகும். அந்த இடத்தில் கொம்பன்சேஷன் +0.7 வையுங்கள். வேட்டியின் மடிப்பு எரியாமல் இருக்கிறதா என்று ஹைலைட் எச்சரிக்கையைப் பாருங்கள். பொம்பிளையின் முகம் மட்டும் பிரேமை நிரப்பும் குளோசப்பில் இது தலைகீழ்: கறுத்த தோலைக் கமரா தேவைக்கு மேல் வெளுப்பாக்கும், −0.3 அல்லது −0.7 வேண்டும். இந்த இரண்டு எண்ணும் கைக்கு வந்துவிட்டால் வெளுப்பாக்கும் வேலையில் முக்கால்வாசி தேவைப்படாது.

மிச்சம் வைட் பலன்ஸ், அதாவது வெளிச்சத்தின் நிறச்சாயலைச் சரிக்கட்டுவது. பந்தலுக்கு மேலே நீலத் தறப்பாள், மணவறையில் மஞ்சள் பல்ப், வீடியோக்காரரின் வெள்ளை எல்இடி: மூன்று நிறம் ஒரே கன்னத்தில். இதை எந்த சிலைடராலும் ஒரே இழுவையில் சரிக்கட்ட முடியாது. முகூர்த்தத்துக்கு முன் மணவறையில் சாம்பல் அட்டையைப் பிடித்து ஒரு படம் எடுங்கள். அதில் லைட்ரூமின் வைட் பலன்ஸ் ட்ரொப்பரை வைத்து, வந்த எண்ணை அங்கே எடுத்த எல்லாப் படத்துக்கும் கொப்பி பண்ணுங்கள். முடிந்தால் ஆளை இரண்டு அடி தள்ளித் தறப்பாளின் நீலத்திலிருந்து வெளியே எடுங்கள். அந்த இரண்டு அடி இரண்டு மணி நேர எடிட்டிங்கை மிச்சப்படுத்தும். பிறகு கர்சரைக் கன்னத்தில் வைத்து, ஹிஸ்டோகிராமுக்கு (வெளிச்ச வரைபடத்துக்கு) கீழே ஓடும் எண்களைப் பாருங்கள். மாநிறத் தோலில் சிவப்பு கூட, பச்சை நடு, நீலம் குறைவு: 65, 48, 37 என்ற மாதிரி. வரிசைதான் முக்கியம், எண் ஆளுக்கு ஆள் மாறும். நீலம் பச்சையைத் தாண்டினால் தறப்பாள் இன்னும் முகத்தில் இருக்கிறது. பச்சை சிவப்பைத் தொட்டால் டின்ட்டை மஜென்டா பக்கம் நகர்த்துங்கள்.

அதற்குப் பிறகும் முகம் கொஞ்சம் எழும்ப வேண்டுமென்றால், முகத்தோல் மாஸ்க்கில் எக்ஸ்போஷர் +0.3. கழுத்தையும் கையையும் அதே மாஸ்க்கில் சேருங்கள். டெக்ஸ்சர் −10, −15 போதும். −60 வைத்தால் தோல் பிளாஸ்டிக்.

"வீட்டுக்காரர்தான் கேட்கிறார்கள்" என்று அடுத்த கடிதத்தில் எழுதுவீர்கள். ஒரே படத்தை இரண்டு விதமாக 6×8இல் அச்சடித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். கைத்தொலைபேசியில் காட்டாதீர்கள், அதில் வெளுத்ததுதான் பளிச்சென்று தெரியும்.

கேள்வி (கிண்ணியா): லைட்ரூமுக்கு மாதாமாதம் கட்ட வசதியில்லை. கிரக் பண்ணினது போடலாமா?

வேண்டாம், வைரஸ் வந்து படம் எல்லாம் போனபிறகு எனக்கு எழுதாதீர்கள். டார்க்டேபிள், ரோதெரபி இரண்டும் இலவசம், ரோ திறக்கும். கெனன்காரருக்கு டிபிபி, நிக்கோன்காரருக்கு என்எக்ஸ் ஸ்டூடியோ கமரா நிறுவனமே சும்மா தருகிறது. லாப்டொப் பழையது என்றால் டார்க்டேபிள் திணறும், ரோதெரபியைப் பாருங்கள்.

கேள்வி (நிலாவெளி): அலையைப் பஞ்சு மாதிரி எடுக்க என்ன ஃபில்டர்?

ட்ரைபொட் இருக்கிறதா என்று நீங்கள் சொல்லவில்லை. இல்லாவிட்டால் ஃபில்டர் வாங்கிப் பயன் இல்லை. 6 ஸ்டொப் என்டி (வெளிச்சத்தைக் குறைக்கும் கறுத்த ஃபில்டர்) போட்டால் 1/60 என்பது 1 செக்கன் ஆகும்: அலையின் இழை தெரியும். 10 ஸ்டொப் போட்டால் அதே 1/60 ஏறக்குறைய 17 செக்கன்: பஞ்சு. முதலில் போகஸ் பண்ணி மனுவலுக்கு மாற்றிவிட்டுத்தான் ஃபில்டரைப் பூட்டுங்கள். ட்ரைபொட்டில் ஸ்டெபிலைசரை நிறுத்துங்கள், 2 செக்கன் டைமர் வையுங்கள். ஈர மணலில் கால்களைக் கையளவு அழுத்திப் புதையுங்கள்; அலை வந்து மணலை இழுத்தால் 17 செக்கனும் வீண்.

கேள்வி (நிலாவெளி): புறாமலைக்குப் படகில் போய் வந்தபிறகு லென்ஸில் வெள்ளைப் படலம். துடைத்தேன், கீறு விழுந்துவிட்டது.

உப்பைக் காய்ந்த துணியால் துடைத்தால் கீறு விழாமல் என்ன செய்யும்? முதலில் புளோவரால் ஊதுங்கள். பிறகு மைக்ரோஃபைபர் துணியை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்து ஒற்றுங்கள். அதற்குப் பிறகுதான் காய்ந்த துணி. படகில் லென்ஸ் மாற்றாதீர்கள், முன்னால் ஒரு யூவி ஃபில்டர் போடுங்கள். குளிரூட்டிய அறையிலிருந்து கமராவை நேரே கரைக்கு எடுத்துப்போனால் பனி படரும்; சிப் பையில் மூடியபடி அரை மணி நேரம் வெளியில் வைத்துவிட்டுத் திறவுங்கள். கார்த்திகை, மார்கழி மழைக்குக் கமராவைத் துணிப்பையில் விட்டால் பூஞ்சணம் பிடிக்கும். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் போதும், ஈரப்பதம் 45 சதவீதம் அளவில் நிற்கட்டும்.

கேள்வி (மூதூர்): கணினியில் நல்ல வெளிச்சம், அச்சில் இருட்டு. லாப் பிழையா?

உங்கள் மொனிட்டர் 100 சதவீதத்தில் எரிகிறது. 40, 50க்குக் குறைத்துவிட்டு எடிட் பண்ணுங்கள். எஸ்ஆர்ஜிபி என்ற நிறமுறையில் எக்ஸ்போர்ட் பண்ணுங்கள். 8×12 அங்குலத்துக்கு 2400×3600 பிக்சல் இருந்தால் போதும். லாப்பில் "ஓட்டோ கரெக்ஷன் வேண்டாம்" என்று வாயால் சொல்லுங்கள். முதலில் ஒரு 4×6 எடுத்து, பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

கேள்வி (கிண்ணியா): கொப்பி பண்ண முதல் மெமரி காட்டை ஃபோமட் பண்ணிவிட்டேன். கலியாணம் முழுக்க அதில்தான். பிறகு இரண்டு மூன்று படமும் எடுத்துப் பார்த்தேன்.

எதற்கு எடுத்துப் பார்த்தீர்கள்? அந்த இரண்டு மூன்று படமும் பழைய படங்களுக்கு மேலே எழுதிவிட்டன. இப்போதே காட்டைக் கழற்றுங்கள், இனி கமராவில் போடவே வேண்டாம். காட் ரீடரில் போட்டு, போட்டோரெக் மென்பொருளை ஓடவிடுங்கள், இலவசம். மீட்கும் படங்களை அதே காட்டில் சேமிக்காதீர்கள், கணினியில் வேறு போல்டர் கொடுங்கள். 64 ஜிபி காட்டுக்குச் சில மணி நேரம் எடுக்கும், நடுவில் நிறுத்தாதீர்கள். ரோவும் ஜேபெக்கும் இரண்டும் வரும். கோப்புப் பெயர்கள் மட்டும் மாறிக் கிடக்கும். எடுத்த நேரத்தின்படி வரிசைப்படுத்தினால் முகூர்த்தம் முகூர்த்தத்தின் இடத்துக்கு வந்துவிடும்.