தண்ணீர் இறங்காத வாஷிங் மெஷின்: வாரண்டி முடிந்தால் உரிமையும் முடிந்ததா?

கேள்வி: ஐயா, நாங்கள் பினாங்கு ஜெலுத்தோங்கில் அடுக்குமாடி வீட்டில் நான்காவது மாடியில் இருக்கிறோம். தீபாவளி மலிவு விற்பனையில் 1,899 வெள்ளிக்கு முன்பக்கம் கதவு வைத்த வாஷிங் மெஷின் வாங்கினோம். 14 மாதம் நன்றாக ஓடியது. பிறகு ஒருநாள் தண்ணீர் வெளியே போகாமல் உள்ளேயே நின்றுவிட்டது, கதவும் திறக்கவில்லை. கடையில் கேட்டால், "வாரண்டி ஒரு வருடம்தான், மோட்டாருக்கு மட்டும்தான் 10 வருடம்" என்றார்கள். அவர்களே அனுப்பிய டெக்னீஷியன் பம்பை மாற்றி 350 வெள்ளி வாங்கினார். ஃபில்டரில் 20 காசு கிடந்ததாம், அதனால் தவறு எங்களுடையதாம். அவர் ஃபில்டரைத் திறந்தபோது சமையலறை முழுவதும் தண்ணீர் கொட்டி, கீழ்வீட்டு அக்காவின் மேல்கூரையில் கறை படிந்துவிட்டது. மூன்றே வாரத்தில் மறுபடியும் அதே கோளாறு. இப்போது கடைக்காரர், "மலிவு விற்பனைப் பொருள், திருப்பி எடுக்க மாட்டோம்" என்று சுவரில் ஒட்டிய அறிவிப்பைக் காட்டுகிறார். வழக்குப் போடலாமா? வக்கீல் செலவே மெஷின் விலையைத் தாண்டிவிடும் என்கிறார் என் கணவர்.

பதில்: சகோதரி, வக்கீல் செலவைப் பற்றி உங்கள் கணவர் சொல்வது முற்றிலும் சரி. ஆனால் நீங்கள் போகவேண்டிய பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் வக்கீலுக்கு வேலையே இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் முக்கியமான ஒன்று. தண்ணீர் ஏன் இறங்கவில்லை என்பதை எழுத்தில் வாங்குங்கள். உங்கள் உரிமை முழுவதும் அந்தக் காரணத்தைப் பொறுத்துத்தான் நிற்கிறது.

வாரண்டி அட்டை என்பது கம்பெனி தானாகக் கொடுக்கும் வாக்குறுதி. அதற்கு அப்பால் மலேசியாவின் 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதன் 32-ஆம் பிரிவு, விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்கவேண்டும் என்கிறது. பொருள் பாதுகாப்பாக இருப்பதும், நீடித்து உழைப்பதும் அந்தத் தரத்தில் அடங்கும். எத்தனை மாதம் உழைக்கவேண்டும் என்று சட்டம் கணக்குச் சொல்லவில்லை. பொருளின் தன்மை, விலை, விற்றவர் சொன்னது எல்லாவற்றையும் பார்த்து, விவரம் தெரிந்த ஒரு சாதாரண ஆள் எதை ஏற்றுக்கொள்வார் என்றுதான் கேட்கிறது. ஏறக்குறைய 1,900 வெள்ளி கொடுத்து வாங்கிய மெஷினின் பம்பு 14 மாதத்தில் தானாகவே செத்துப்போனால், அதை யாரும் நியாயம் என்று சொல்லமாட்டார்கள். ஒரு வருட வாரண்டி முடிந்தது என்பது மட்டும் இதற்குப் பதிலாகாது.

சுவரில் ஒட்டிய அறிவிப்பைக் கண்டு தயங்கவேண்டாம். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் இந்தச் சட்டம் கொடுக்கும் உரிமையைப் பறிக்க முடியாது என்று 6-ஆம் பிரிவு சொல்கிறது. விலையைக் குறைத்துக் கொடுத்ததாலும் உரிமை குறையாது. ஒரு குறிப்பிட்ட குறையை வாங்கும் முன்பே உங்களிடம் காட்டி, அதற்காகத்தான் விலையைக் குறைத்தார்கள் என்றால் மட்டும் அந்தக் குறையைப் பற்றிப் பின்னால் கேட்க முடியாது.

இனி அந்த 20 காசுக்கு வருவோம். கடைக்காரருக்குச் சாதகமான ஒரு விதி இருப்பது உண்மை. சாதாரணமாக எதிர்பார்க்கும் முறைக்கு மாறாகப் பயன்படுத்தி, அதனால்தான் பழுது வந்தது என்றால் விற்றவர் பொறுப்பல்ல. சட்டைப் பையில் கிடந்த காசு, ஊக்கு, உள்ளாடைக் கம்பி ஆகியவை ஃபில்டரை அடைத்திருந்தால் சுத்தம் செய்வது உங்கள் வேலைதான். அதற்கு ஆள் கூப்பிட்டால் கூலியும் நீங்கள்தான் கொடுக்கவேண்டும். ஆனால் அந்த ஃபில்டர் எதற்கு இருக்கிறது? காசும் கம்பியும் பம்பின் விசிறிக்குப் போகாமல் தடுப்பதற்குத்தான். காசு ஃபில்டரிலேயே நின்றுவிட்டது என்றால் அது விசிறியைத் தொடவில்லை. அப்படியானால் பம்பை ஏன் மாற்றவேண்டும்? ஃபில்டரைச் சுத்தம் செய்தாலே போதுமே! டெக்னீஷியனிடம் இந்தக் கேள்வியை வாட்சாப்பில் கேளுங்கள். அவர் சொல்லும் பதில், சொல்லாமல் விடும் மௌனம் இரண்டுமே நடுவர்முன் உங்களுக்கு உதவும். கழற்றிய பழைய பம்பையும் கேட்டுப் பாருங்கள். இனி எந்தப் பழுது பார்ப்பு நடந்தாலும் பழைய பாகத்தைக் கையில் வாங்காமல் ஆளை அனுப்பவேண்டாம்.

புதுப் பம்பு போட்டும் மூன்று வாரத்தில் தண்ணீர் நிற்கிறது என்பதுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. கோளாறு முதலிலிருந்தே வேறிடத்தில் இருந்திருக்கலாம். பிளக்கைக் கழற்றிவிட்டு, மெஷினின் பின்னால் போகும் கழிவுக் குழாயைப் பாருங்கள். சுவரோடு நசுங்கியிருக்கிறதா? நுனியைக் கழிவுநீர்க் குழாய்க்குள் ஆழமாகத் திணித்திருக்கிறார்களா? எவ்வளவு உயரத்தில் மாட்டியிருக்கிறது? முன்கதவு மெஷின்கள் பலவற்றின் கையேட்டில் தரையிலிருந்து ஏறக்குறைய 60 முதல் 100 சென்டிமீட்டர் என்று இருக்கும். உங்கள் கையேட்டில் இருப்பதுதான் உங்களுக்குக் கணக்கு. குளியலறை வரை எட்டவேண்டும் என்று குழாயோடு இன்னொரு குழாயை ஒட்டுப்போட்டு நீட்டிவிடுவது நம் அடுக்குமாடி வீடுகளில் சகஜம். அதைச் செய்தது கடையின் டெலிவரி ஆட்கள் என்றால் பொறுப்பு கடைக்குத்தான். குழாயில் குறையில்லை, பம்பும் சத்தம் போடவில்லை என்றால், பம்புக்கு மின்சாரம் அனுப்பும் போர்டில் பழுது இருக்கலாம். அப்படி இருந்தால் 350 வெள்ளி வாங்கியவர் நோயைத் தவறாகக் கண்டுபிடித்திருக்கிறார் என்று அர்த்தம்.

எல்லாவற்றையும் படம் எடுங்கள். முக்கியமாக, திரையில் வரும் எழுத்தைப் படம் எடுங்கள். எல்ஜி மெஷினில் ஓஇ, சாம்சுங்கில் 5சி, போஷில் ஈ18, எலக்ட்ரோலக்ஸில் ஈ20 என்று வந்தால், தண்ணீர் இறங்கவில்லை என்று மெஷினே சொல்கிறது. மெஷினில் வேறு எழுத்து வந்தால் அதையும் எடுத்துக் கையேட்டில் பொருள் பாருங்கள். முதல் தடவையும் இரண்டாம் தடவையும் அதே எழுத்துத்தான் வந்தது என்று காட்ட முடிந்தால், முதல் பழுது பார்ப்பு பலிக்கவில்லை என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

வெளி ஆள் யாரையும் இப்போது கூப்பிடாதீர்கள். பலர் சறுக்குவது இங்கேதான். 41-ஆம் பிரிவின்படி, பழுதைச் சரிசெய்யும் வாய்ப்பை முதலில் விற்றவருக்குக் கொடுக்கவேண்டும். அவர் மறுத்தாலோ, நியாயமான காலத்துக்குள் செய்யாமல் விட்டாலோ, நீங்கள் வேறிடத்தில் சரிசெய்து அந்தச் செலவைக் கேட்கலாம், அல்லது பொருளையே வேண்டாம் என்று திருப்பலாம். தெரிந்த பையன் ஒருவன் இடையில் வந்து திறந்துவிட்டால், "அவன்தான் கெடுத்தான்" என்று கடைக்காரர் சொல்ல நீங்களே வழி செய்து கொடுத்தது போலாகும். அதனால் கடைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். வாங்கிய தேதி, இரண்டு தடவை பழுதான தேதிகள், நீங்கள் கேட்பது என்ன, 14 நாள் அவகாசம், இவ்வளவு இருந்தால் போதும். வாட்சாப்பில் அனுப்புவதோடு பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். "கம்பெனியிடம் போய்க் கேளுங்கள்" என்று அவர்கள் தட்டிக்கழித்தால் ஏற்கவேண்டாம். உங்களுக்கு விற்றது கடை, அதனால் கடையிடம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

எதைக் கேட்பது? மெஷினைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்க வேண்டாம் என்பது என் கருத்து. திருப்பும் உரிமையை நியாயமான காலத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் அது போய்விடும் என்று 43-ஆம் பிரிவு சொல்கிறது. 14 மாதம் ஓடிய மெஷினுக்கு அந்த வாதம் எதிராகத் திரும்பக்கூடும். இலவசமாக முறையாகச் சரிசெய்து கொடுங்கள், முடியாவிட்டால் மாற்றிக் கொடுங்கள், பலிக்காத வேலைக்கு வாங்கிய 350 வெள்ளியைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டால் கோரிக்கை உறுதியாக நிற்கும். கடைசியாகச் சொன்னதற்கு 53-ஆம் பிரிவு துணை நிற்கிறது. கூலி வாங்கிச் செய்யும் வேலையை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்யவேண்டும் என்று அது சொல்கிறது. அந்த 350 வெள்ளி ரசீதில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். டெக்னீஷியன் பெயர் தனியாக இருந்தால் கோரிக்கையில் அவரையும் சேர்க்கவேண்டி வரும்.

14 நாளில் பதில் இல்லையென்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போங்கள். மலாயில் திரிபுனல் துந்துத்தான் பெங்குனா என்று கேட்டால் காட்டுவார்கள். போரங் 1 என்ற கோரிக்கைப் படிவத்தை நிரப்பி 5 வெள்ளி கட்டவேண்டும், அவ்வளவுதான் செலவு. 50,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம். உரிமை எழுந்த நாளிலிருந்து மூன்று வருடம் அவகாசம் உண்டு. வக்கீல்கள் அங்கே வாதாட முடியாது, கடைக்காரரும் வக்கீலோடு வர முடியாது. முடிந்தவரை முதல் விசாரணையிலிருந்து 60 நாளுக்குள் தீர்ப்புச் சொல்லவேண்டும். அந்தத் தீர்ப்பை 14 நாளுக்குள் நிறைவேற்றாமல் விடுவது குற்றம். மலாயில் எழுதத் தயக்கமாக இருந்தால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்குப் போங்கள். இதுபோன்ற புகார்களில் நம் மக்களுக்கு வழிகாட்டுவதில் அவர்களுக்கு நீண்ட அனுபவம் உண்டு.

கீழ்வீட்டு அக்கா விஷயத்தைத் தள்ளிப்போடாதீர்கள். அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின் 2015-ஆம் ஆண்டு விதிகளின்படி, கீழ்வீட்டு மேல்கூரையில் ஈரம் தெரிந்தால், வேறு காரணம் நிரூபிக்கப்படும் வரை மேல்வீட்டிலிருந்துதான் வந்தது என்று எடுத்துக்கொள்வார்கள். அவர் புகார் கொடுத்தால் நிர்வாகம் 7 நாளுக்குள் வந்து பார்க்கவேண்டும். பிறகு போரங் 28 என்ற சான்றிதழைக் கொடுக்கும். கசிவு உங்கள் வீட்டிலிருந்துதான் என்று அதில் எழுதினால், சரிசெய்ய உங்களுக்கு 7 நாள்தான் இருக்கும். அதற்கு முன்பே நீங்கள் போய்ப் பேசிவிடுவது நல்லது. மெஷின் ஓடாத நாளிலும் கறை ஈரமாகவே இருக்கிறதா என்று அவரையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். ஈரம் தொடர்ந்தால் காரணம் வேறு குழாய், அல்லது உங்கள் தரை. காய்ந்துவிட்டால் அன்று கொட்டிய தண்ணீர்தான். முன்கதவு மெஷின் பலவற்றில் ஃபில்டருக்குப் பக்கத்திலேயே தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்ற ஒரு சின்னக் குழாய் இருக்கும். உங்கள் மெஷினிலும் அது இருந்தால், அதைப் பயன்படுத்தாமலும், கீழே தட்டு வைக்காமலும் ஃபில்டரை நேராகத் திறந்தது டெக்னீஷியனின் கவனக்குறைவு. அக்காவின் மேல்கூரைக்குச் சாயம் அடித்துக் கொடுத்துவிட்டு, அந்த ரசீதையும் 350 வெள்ளி ரசீதோடு போரங் 1-இல் சேர்த்துக் கேளுங்கள்.