சூடாக இருக்கும், ஜாக்கிரதை!

முப்பது வருடம் தொழிற்சாலைகளில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். எச்சரிக்கைப் பலகை எழுதுவது, மாட்டுவது, அதன்மேல் யாராவது சட்டையைத் தொங்கவிட்டிருந்தால் எடுத்துக் கீழே போடுவது, இதுதான் என் உத்தியோகம். அந்தத் தைரியத்தில் பதில் சொல்கிறேன்.

கேள்வி (திருச்சி): அமெரிக்காவில் காபிக் கோப்பையில் 'சூடாக இருக்கும்' என்று எழுதுகிறார்களாம். ஒரு பாட்டி தன் மேல் தானே காபியைக் கொட்டிக்கொண்டு கோடிக்கணக்கில் நஷ்டஈடு வாங்கினாராமே, உண்மையா சார்?

பதில்: இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்காத பயிற்சி வகுப்பே இல்லை. நானும் சிரித்தவன்தான். வழக்கு விவரத்தைப் படித்த பிறகு நிறுத்திக்கொண்டேன்.

நடந்தது 1992இல், ஆல்புகர்க்கி என்ற ஊரில். அந்த அம்மாவுக்கு 79 வயது. நின்றிருந்த காரில் உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவே கோப்பையை வைத்து மூடியைத் திறந்திருக்கிறார். காபி மொத்தமும் மடியில் கொட்டிவிட்டது. காபியை விற்ற மெக்டொனால்ட்ஸ் கடை அதைத் தந்தது 82 முதல் 88 டிகிரி செல்சியஸ் சூட்டில். சில விநாடிகளிலேயே தோலின் முழு ஆழத்துக்கும் வெந்துபோகும் சூடு அது. எட்டு நாள் ஆஸ்பத்திரி, தோல் ஒட்டும் சிகிச்சை. அவர் முதலில் கேட்டது 20,000 டாலர்தான். மெக்டொனால்ட்ஸ் தர முன்வந்தது 800. அதற்கு முந்தைய பத்து வருடத்தில் இதேபோல் சுட்டுக்கொண்டவர்களிடமிருந்து 700 புகார்களுக்கு மேல் அந்த நிறுவனத்துக்கு வந்திருந்தன என்பது கோர்ட்டில் வெளிவந்தது. 1994இல் ஜூரி 27 லட்சம் டாலர் தண்டத்தொகை விதித்தது, நீதிபதி அதை 4.8 லட்சமாகக் குறைத்தார், பிறகு சமரசம். தவறில் அந்த அம்மாவின் பங்கு 20 சதவீதம் என்று அதே ஜூரி நஷ்டஈட்டில் கழித்தும் இருக்கிறது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. கொட்டிய அந்தக் கோப்பையிலேயே எச்சரிக்கை அச்சடித்திருந்தது! கோளாறு சூட்டில் இருந்தது. எழுத்தைப் பெரிதாக்கினால் சூடு குறையுமா?

கேள்வி (கும்பகோணம்): சிலிண்டரில் 'பி-27' என்று எழுதியிருக்கிறது. காலாவதித் தேதியா?

பதில்: இல்லை. அந்த சிலிண்டரை மறுபடி சோதனைக்கு அனுப்ப வேண்டிய கெடு. ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி ஏப்ரல் முதல் ஜூன், அப்படியே சி, டி. உங்களுடையது 2027 ஜூன் வரை சரி. கெடு தாண்டியது வந்தால் வாங்காமல் திருப்பி அனுப்புங்கள்.

கேள்வி (மதுரை): கேஸ் கசிகிறதா என்று என் மாமனார் தீக்குச்சி கொளுத்தித்தான் பார்ப்பார். 'நாற்பது வருஷமா இப்படித்தான் மாப்ளே' என்கிறார். என்ன சொல்லிப் புரியவைப்பது?

பதில்: நாற்பது வருடமாக ஒன்றும் ஆகவில்லை என்பதுதான் அவரிடம் இருக்கும் ஆதாரம், அதை வாதாடி ஜெயிக்க முடியாது. கிண்ணத்தில் சோப்பு நுரை கலக்கிக் கையில் கொடுத்துவிடுங்கள். 'நீங்களே தடவிப் பாருங்க மாமா' என்று சொல்லுங்கள். கசிந்தால் நுரை குமிழ் விடும். வேலையை அவரிடமே விட்டுவிட்டு முறையை மட்டும் மாற்றினால் மரியாதைக்கும் குறைவில்லை.

வாசனை பலமாக வந்தால் சோப்பு நுரைக்கெல்லாம் நேரமில்லை. எரிவாயு காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906க்குப் போன் செய்யுங்கள். சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. அணைப்பதிலும் பொறி உண்டு, பலர் இதைத்தான் மறக்கிறார்கள்.

கேள்வி (சேலம்): புதுச் செருப்புப் பெட்டியில் வரும் சின்னப் பொட்டலத்தில் 'சாப்பிடாதீர்கள்' என்று இருக்கிறது. இதை யாராவது சாப்பிடுவார்களா?

பதில்: நீங்கள் சாப்பிட மாட்டீர்கள். தவழும் குழந்தை சாப்பிடும். உள்ளே இருப்பது ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல், பெரிய விஷமில்லை. தொண்டையில் அடைப்பதுதான் பயம்.

கேள்வி (நாகர்கோவில்): பாத்ரூம் நன்றாக வெளுக்க வேண்டுமென்று ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துப் போட்டேன். இருமல் வந்து ஓடிவந்துவிட்டேன். ஏன்?

பதில்: ஓடி வந்தீர்களே, அதுவே பெரிது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். முதல் உலகப் போரில் எதிரிப் படைமேல் ஏவிய அதே வாயுதான். பாத்ரூம் சின்னது, ஜன்னல் அதைவிடச் சின்னது. ஒரு நாளைக்கு ஒன்று போதும், நடுவில் நிறைய தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

கேள்வி (ஈரோடு): கோயில் திருவிழாவில் சீரியல் செட்டுக்கு பிளக் இல்லாமல் வயர் முனைகளை அப்படியே சாக்கெட்டில் விட்டுத் தீக்குச்சி சொருகுகிறார்களே?

பதில்: தீக்குச்சி எரிப்பதைவிட சொருகுவதற்குத்தான் நம் ஊரில் அதிகம் பயன்படுகிறதோ என்று எனக்குச் சந்தேகம். பிளக்கில் எர்த் பின் மட்டும் நீளமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. கரண்ட் தொடும் முன் எர்த் தொட்டுவிட வேண்டும். தீக்குச்சிக்காரர் எர்த்தையே விட்டுவிடுகிறார். திருத்த முடியாவிட்டால், அந்த லைனில் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே கட் ஆகும் ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்பு சுவிட்ச் ஒன்றை எலெக்ட்ரீஷியனை வைத்துப் போடச் சொல்லுங்கள்.

கேள்வி (சென்னை): காரில் சீட் பெல்ட் போடாவிட்டால் கத்துகிறது. அதை நிறுத்த ஒரு கொக்கி விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: கூடாது. 2023இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணைய அங்காடிகளை அதை விற்பனையிலிருந்து எடுக்கச் சொன்னது. காசு கொடுத்து வாங்கி மாட்டும் சிரமத்தில் பெல்ட்டையே மாட்டிவிடலாம்.

கேள்வி (கோவை): சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன் ஐயா. எத்தனை போர்டு வைத்தாலும் ஆட்கள் கேட்பதில்லை. ஏன் இப்படி முட்டாள்தனமாக இருக்கிறார்கள்?

பதில்: தகட்டை அழுத்தி வடிவமாக்கும் பவர் பிரஸ் மெஷின் ஒன்றின் கதை சொல்கிறேன். அந்த மெஷினுக்கு இரண்டு பொத்தான். இரண்டையும் இரண்டு கையால் அழுத்தினால்தான் மேலே இருக்கும் அச்சு (டை) இறங்கும், அதனால் கை உள்ளே மாட்டாது. ஒருநாள் பார்த்தால் ஒரு பொத்தானில் மரத்துண்டு செருகியிருக்கிறது. ஒரு கையால் அழுத்தி, மறு கையால் தகடு தள்ளிக்கொண்டிருக்கிறார் மனிதர். கத்தினேன், எழுதி வாங்கினேன், சிவப்பில் புது போர்டு மாட்டினேன். அடுத்த வாரம் மறுபடி மரத்துண்டு.

அப்புறம்தான் உட்கார்ந்து கேட்டேன். பீஸ் ரேட், அதாவது எத்தனை உருப்படி செய்கிறாரோ அதற்கேற்ற கூலி. கட்டை வைத்தால் ஷிப்டுக்கு நிறைய பீஸ் கூடுதலாக ஓடும், பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டும். ஆக அவர் கணக்குப் போட்டுத்தான் செய்திருக்கிறார். கணக்கு தப்பு, ஆனால் அந்தக் கணக்கைக் கொடுத்தது நாங்கள். கடைசியில் போர்டைத் தொடவில்லை, சர்க்யூட்டை மாற்றினோம். அரை விநாடிக்குள் இரண்டையும் அழுத்த வேண்டும், ஒவ்வொரு முறையும் இரண்டையும் விட்டு எடுத்தால்தான் அடுத்த அடி. கட்டை செருகினால் மெஷின் நின்றுவிடும். ரேட்டையும் திருத்தச் சொல்லி நிர்வாகத்தோடு மல்லுக்கட்டினேன், அதில் பாதிதான் ஜெயம்.

உங்கள் பட்டறையிலும் போர்டை எண்ணுவதை விட்டுவிட்டு, எந்த விதியை மீறினால் ஆளுக்கு அரை மணி நேரம் மிச்சமாகிறது என்று பாருங்கள்.

கேள்வி (புதுச்சேரி): நீங்கள் இப்படித் தப்பு எதுவும் செய்ததில்லையா?

பதில்: கேட்டுவிட்டீர்கள். ஒரு மார்ச் 4ஆம் தேதி, தேசியப் பாதுகாப்பு தினம். 'ரசாயனத்தை வேறு பாட்டிலில் ஊற்றாதீர்கள்' என்று மேடையில் பேசிவிட்டு வந்தேன். அதே வாரம் பெரிய கேனிலிருந்து பினாயிலைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைத்தேன், கேன் தூக்கக் கனமாக இருக்கிறதென்று. ஆனால் நான் விவரமானவன் அல்லவா, 'பினாயில்' என்று அழகாக எழுதி ஒட்டினேன். பாத்ரூம் ஈரத்தில் இரண்டே நாளில் காகிதம் உரிந்து விழுந்தது. பேரன் பாட்டிலைக் கையில் எடுத்த நேரம் என் மனைவி பார்த்துவிட்டாள். அவள் என்னைத் திட்டக்கூட இல்லை. அந்தக் காகிதத்தைக் காயவைத்து என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டாள். இன்னும் அங்கேதான் இருக்கிறது.