கேள்வி-பதில்: சீட்டில் எழுதாத மருந்து

கேள்வி: பதினான்கு வயது மகனுக்கு ஆஸ்துமா இளைப்பு. இந்த வருடம் நான்கு தடவை ராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். நெபுலைசர் வைத்து, ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து அனுப்புகிறார்கள். பில்களை இணைத்திருக்கிறேன். அதிகமாக வாங்கிவிட்டார்களா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: நான்கு பில்லையும் வரி விடாமல் பார்த்தேன் அம்மா. கையுறைக்குக்கூடக் காசு போட்டிருக்கிறார்கள். எம்ஆர்பிக்கு மேல் மருந்து விற்றிருந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்து புகார் சொல்லுங்கள். என்னை உறுத்தியது வேறு. நான்கு சீட்டிலும் தடுப்பு இன்ஹேலர் இல்லை!

நெபுலைசரில் வைக்கும் சால்பூட்டமால் இறுகிய மூச்சுக்குழாயைச் சில மணி நேரம் தளர்த்தும், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் அழற்சி அப்படியே இருக்கும். அதைக் குறைப்பது புடசொனைடு போன்ற ஸ்டீராய்டு இன்ஹேலர். தடுப்பு இன்ஹேலர் என்றது இதைத்தான். பன்னிரண்டு வயதைத் தாண்டிய யாருக்கும் சால்பூட்டமாலை மட்டும் கொடுத்து அனுப்பக் கூடாது என்று ஜினா என்ற உலக ஆஸ்துமா அமைப்பு 2019-லேயே சொல்லிவிட்டது. பிரிட்டனில் ஆஸ்துமாவால் இறந்தவர்களின் மருந்துச் சீட்டுகளை ஆராய்ந்து 2014-இல் ஓர் அறிக்கை வந்தது. பலருக்கு சால்பூட்டமால் போன்ற நிவாரண இன்ஹேலர் ஏராளமாகவும் தடுப்பு இன்ஹேலர் சொற்பமாகவும் எழுதப்பட்டிருந்தது. அங்கேயே அந்த நிலைமை.

ராத்திரி டியூட்டி டாக்டருக்கு மூச்சைச் சரி செய்து படுக்கையைக் காலி செய்ய வேண்டும். இன்ஹேலர் இழுக்கக் கற்றுக்கொடுக்கப் பத்து நிமிடம் யாரிடம் இருக்கிறது? நம் பக்கமும் தப்பு உண்டு. ‘ஸ்டீராய்டா, வேண்டாம் சார்’ என்போம். இன்ஹேலரின் ஒரு இழுப்பில் 200 மைக்ரோகிராம் என்றால், 5 மில்லிகிராம் ஸ்டீராய்டு மாத்திரை ஒன்றில் அதைப்போல் 25 மடங்கு. மாத்திரையை மட்டும் கேள்வி கேட்காமல் விழுங்குகிறோம்.

மகனை நெஞ்சக நோய் மருத்துவரிடம் காட்டுங்கள். ‘தினமும் இழுக்க எதுவும் எழுதவில்லையே, ஏன்?’ என்று கேளுங்கள். எழுதிக் கொடுத்தால், இழுத்ததும் வாய் கொப்பளிக்கப் பழக்குங்கள்.

கேள்வி: ரோட்டாகேப் டப்பா வாங்கினோம். அப்பா தினம் இரண்டு தண்ணீரோடு விழுங்கினார். பலனில்லை. திருப்பிக் கொடுக்கலாமா?
- வாசகர், திருச்சி

பதில்: பிரித்த டப்பாவை வாங்கமாட்டார்கள். அப்பாவைத் திட்டாதீர்கள், கேப்சூல் என்றால் யாரும் விழுங்கத்தான் செய்வார்கள். அதைக் கருவியில் போட்டுத் திருகி, வரும் பொடியை வாயால் இழுக்க வேண்டும். கருவி இருக்கிறதா என்றுகூடக் கேட்காமல் விற்றவரைத்தான் சொல்ல வேண்டும். அதே கடைக்குப் போய்க் கருவியை வாங்குங்கள். செய்து காட்டும் வரை நகராதீர்கள்.

கேள்வி: டாக்டர் எழுதிய தடுப்பு இன்ஹேலரை மூன்று நாள் அடித்தேன். ஒன்றும் தெரியவில்லை, நிறுத்திவிட்டேன். காசு தண்டம்தானே?
- வாசகர், வேலூர்

பதில்: நீங்கள் நிறுத்தியதால் தண்டம். முழுப் பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும். கூட வந்த தாளைப் படிக்கவே இல்லையா?

கேள்வி: இன்ஹேலர் டப்பாவில் மருந்து மிச்சம் இருக்கிறதா என்று தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்க்கலாமா?
- வாசகி, சேலம்

பதில்: கூடாது. மருந்து தீர்ந்த பிறகும் வாயு வரும், டப்பாவும் மிதக்கும். எண்ணிக்கை காட்டும் இன்ஹேலராகக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: கழுத்தில் மாட்டினால் காற்றைச் சுத்தமாக்கி ஆஸ்துமாவைத் தடுக்கும் லாக்கெட், ஆஃபரில் 2,999 ரூபாய். வாங்கலாமா?
- வாசகர், ஓசூர்

பதில்: நான் 2,400-க்கு வாங்கினேன். காலண்டர் ஆணியில் தொங்குகிறது.