கடல் ஆற்றல் படிப்பும் வேலையும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: கடல் அலையிலிருந்தும் ஓதத்திலிருந்தும் மின்சாரம் எடுக்கும் துறையில் சேர ஆசை. பள்ளிப் படிப்பு முடியப்போகிறது. இளநிலையிலேயே 'கடல் ஆற்றல்' என்று பெயருள்ள படிப்பைத் தேடிச் சேர வேண்டுமா?

பதில்: வேண்டாம். மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், சிவில், கப்பல் கட்டுமானம் இவற்றில் ஒன்றை முதலில் உருப்படியாகப் படியுங்கள். காரணம், துறை இன்னும் சிறியது. பிரான்ஸின் ரான்ஸ் ஓத மின்நிலையம் 1966-லேயே 240 மெகாவாட்டுடன் வந்துவிட்டது. அதைத் தாண்டிய தென்கொரியாவின் சிஹ்வா நிலையம் (254 மெகாவாட்) வந்தது 2011-ல்தான். அலையில் இன்னும் மோசம்: ஸ்பெயினின் முட்ரிக்கு நிலையத்தின் மொத்தத் திறனே 296 கிலோவாட். முதலீடு வற்றி நிறுவனம் மூடினால், மெக்கானிக்கல் படித்தவர் கடல் காற்றாலைக்கோ கப்பல் தளத்துக்கோ போய்விடலாம். நங்கூரச் சங்கிலி, கடலடி கேபிள், துருத் தடுப்பு எல்லாம் அங்கும் அதேதான்.

சிறப்புப் படிப்பை முதுநிலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்தின் ஆர்க்னித் தீவுகளில் ஹெரியட்-வாட் பல்கலைக்கழகத்தின் வளாகம் இருக்கும் ஸ்ட்ரோம்னெஸ் ஊரிலேயே, அலை, ஓதக் கருவிகளைக் கடலில் சோதிக்க 2003-ல் தொடங்கிய ஐரோப்பிய கடல் ஆற்றல் மையமும் இருக்கிறது. எங்கே சேர்ந்தாலும், அலைத் தொட்டியோ கடல் சோதனைத் தளமோ மாணவர் கைக்கு எட்டுகிறதா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.

கேள்வி: இறுதியாண்டு புராஜெக்ட்டுக்கு, அலையிலிருந்து மின்சாரம் எடுக்கும் மிதவையின் 1:20 மாதிரியை (நிஜ அளவில் இருபதில் ஒரு பங்கு) செய்து தொட்டியில் சோதித்தோம். நிஜ அளவுக்குக் கணக்கிட்டால் நம்ப முடியாத அளவு திறன் வருகிறது. எங்கே தப்பு?

பதில்: முதலில் பெருக்கலைப் பாருங்கள். மாதிரி அளவுகளை நிஜ அளவுக்கு மாற்றும் ஃப்ரூட் விதிப்படி, நேரம் 20-ன் வர்க்கமூலத்தால் மாறும். நிஜக் கடலின் 8 விநாடி அலை தொட்டியில் சுமார் 1.8 விநாடி. திறனோ 20-ன் 3.5 அடுக்கால், அதாவது கிட்டத்தட்ட 35,800 மடங்கு மாறும். மாதிரியில் 1 வாட் பிசகினால் நிஜத்தில் 36 கிலோவாட் பிசகு.

பெருக்கல் சரியென்றால் தொட்டியைச் சந்தேகியுங்கள். மறுமுனையில் மோதித் திரும்பும் அலை, வரும் அலையோடு சேர்ந்துகொள்ளும். அலை உயரத்தை அளக்கும் உயரமானி ஒன்றே ஒன்று இருந்தால் இரண்டையும் பிரிக்கவே முடியாது. குறைந்தது மூன்று உயரமானிகளை வெவ்வேறு இடைவெளியில் வையுங்கள். முனையில் அலையை விழுங்கும் சரிவும் வேண்டும். அடுத்து உராய்வு. தாங்கியிலும் கயிற்றிலும் வீணாவதையும் சேர்த்து 'எடுத்த திறன்' என்று எழுதிவிடுவது மாணவர் அறிக்கைகளில் சகஜம். விசைமானியை, திறன் எடுக்கும் பகுதிக்கும் மிதவைக்கும் நடுவே பொருத்தினால் இது தவிரும்.

வரும் அலையின் திறனோடும் ஒப்பிடுங்கள். ஒழுங்கற்ற கடலில் அலைமுகப்பின் ஒரு மீட்டருக்கு 0.49 × அலை உயரத்தின் வர்க்கம் × அலைக்காலம் (ஓர் அலை கடக்கும் நேரம்), கிலோவாட்டில். 2 மீட்டர், 8 விநாடி என்றால் சுமார் 16 கிலோவாட். தொட்டியில் உருவாக்கும் ஒழுங்கான அலைக்குக் கெழு 0.98, இரண்டையும் குழப்பினால் விடை இரட்டிப்பாகும். ஒத்ததிர்வில், அதாவது அலையின் தாளமும் மிதவையின் இயல்பான ஆட்டமும் ஒன்றும்போது, மிதவை தன் அகலத்தைவிட அதிக அலையை உறிஞ்சலாம், அது நிஜம்தான். ஆனால் அந்த ஓர் உச்சப்புள்ளியை ஆண்டு முழுமைக்கும் பெருக்குவது ஏமாற்று வேலை.

கணினி மாதிரிக்கு வெக்-சிம் என்ற மென்பொருள் இலவசம், ஆனால் அது ஓட மேட்லேப் என்ற கணக்கீட்டு மென்பொருளின் உரிமம் வேண்டும். அலை விசைகளைக் கணிக்கும் கேப்பிடைன் மென்பொருள், பைத்தான் நிரல்மொழியில் இலவசமாகவே ஓடும்.

கேள்வி: டிப்ளமோ மட்டும்தான் முடித்திருக்கிறேன். இடம் உண்டா?

பதில்: உண்டு. ஹைட்ராலிக்ஸ், கேபிள் இணைப்பு, மின்னணு பழுது தெரிந்தவர்கள் இல்லாமல் எந்த டர்பைனும் ஓடாது. வேலைநேரம் மட்டும் கடிகாரத்தைக் கேட்காது. அமாவாசை, பௌர்ணமி ஒட்டி நீரோட்டம் உச்சத்தில் இருக்கும்; அட்டமி தாண்டி ஓரிரு நாளில் தணியும். கடலடி டர்பைனைத் தூக்குவது பெரும்பாலும் அந்தத் தணிவில், அதிலும் ஓதம் திரும்பும் சிறு இடைவேளையில்தான். ஒரு போல்ட்டைக் கரையில் மறந்து வந்தால் அந்த இடைவேளை போயிற்று.

காற்றாலைத் துறையின் ஜி.டபிள்யூ.ஓ. (உலகக் காற்றாற்றல் அமைப்பு) அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி இங்கும் பயன்படும்: முதலுதவி, சுமை தூக்குதல், தீ விழிப்பு, உயரத்தில் வேலை, கடலில் உயிர்பிழைத்தல். ஆனால் சான்றிதழ் 2 ஆண்டுதான் செல்லும். வேலை உறுதியாகும் முன்பே கைக்காசைக் கொட்டாதீர்கள். விண்ணப்பத்தில் 'ஹைட்ராலிக்ஸ் தெரியும்' என்று மொட்டையாக எழுதாமல், எந்த பம்ப், எத்தனை பார் அழுத்தம், எந்த சீல் ஏன் போனது என்று எழுதுங்கள்.