மகன் ஃபோர்ட் மக்மரிக்குப் போகட்டுமா?

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். பொறியியல் படித்த மகனுக்கு இரண்டு வேலை வந்திருக்கிறது. ஒன்று கல்கரியில், பெரிய எண்ணெய்க் கம்பனியின் அலுவலகத்தில். மற்றது அல்பேர்ட்டாவின் வடக்கே எண்ணெய்ச் சுரங்கங்கள் இருக்கிற ஃபோர்ட் மக்மரியில், ஒரு முதற்குடிச் சமூகம் (கனடாவின் பூர்வகுடிகள்) 51 வீதமும் தனியார் நிறுவனம் ஒன்று 49 வீதமும் வைத்திருக்கும் சேவைக் கம்பனியில். மகன் இரண்டாவதில்தான் நிற்கிறார். "பத்து வருசத்தில அந்தக் கம்பனியையே நான் நடத்துவன்" என்கிறார். நீங்கள் கேட்பது, "அது அவையின்ர கம்பனி. எங்கட பிள்ளையை மேலே வர விடுவினமா?"

விடுவார்கள். வெளியாட்கள் பொது முகாமையாளராகவும் தலைமை நிர்வாகியாகவும் இருக்கிற இப்படியான கம்பனிகள் அல்பேர்ட்டாவில் உண்டு. ஆனால் அந்தக் கதிரையில் இருப்பது என்றால் என்ன என்று மகனுக்குத் தெரியுமா என்பதுதான் என் கவலை. அதைத்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

இந்தக் கம்பனிகள் எப்படி வந்தன என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஃபோர்ட் மக்மரிக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீற்றரில், அதபாஸ்கா ஆற்றங்கரையில் ஃபோர்ட் மக்கே என்ற சின்ன ஊர் இருக்கிறது. கிரீ, டெனே என்ற முதற்குடி மக்களும், பூர்வகுடிகளும் ஐரோப்பியரும் கலந்த வழியில் வந்த மேட்டி மக்களும் வாழும் இடம். பொறி வைத்து விலங்குத் தோல் எடுப்பதுதான் முன்பு அவர்களுடைய பிழைப்பு. 1967இல் ஒரு எண்ணெய் மணல் சுரங்கம், அதாவது எண்ணெய் கலந்த மணலைத் தோண்டி எடுக்கும் இடம், வந்தது, 1978இல் இன்னொன்று. காடு சுருங்கிக்கொண்டே போனது. 1980களில் ஐரோப்பாவில் தோல் ஆடைகளுக்கு எதிரான இயக்கம் வலுத்து, தோல் சந்தையும் விழுந்தது. நிலமும் போய், தொழிலும் போன நிலையில் 1986இல் அந்த ஊர் தன் சொந்தக் கம்பனியைத் தொடங்கியது. கிடைத்த முதல் வேலை கட்டடம் துப்புரவு செய்யும் ஒப்பந்தம். ஜிம் புஷே என்பவர் இடையில் சில காலம் தவிர ஏறத்தாழ 30 ஆண்டுகள் அந்தச் சமூகத்தின் தலைவராக இருந்தார். அந்தக் காலத்தில் கம்பனி மண் வேலை, போக்குவரத்து, எரிபொருள் விநியோகம், தொழிலாளர் விடுதி என்று வளர்ந்தது. 2017இல் அதே ஊரும் மிகிசூ கிரீ சமூகமும் சேர்ந்து சன்கோர் நிறுவனத்தின் எண்ணெய்த் தாங்கி வளாகம் ஒன்றில் 49 வீதத்தை ஏறத்தாழ 50 கோடி டொலருக்கு வாங்கின. 2022இல் 23 முதற்குடி, மேட்டி சமூகங்கள் கூட்டாக என்பிரிட்ஜ் நிறுவனத்தின் ஏழு எண்ணெய்க் குழாய்களில் 11.57 வீதப் பங்கை 112 கோடி டொலருக்கு எடுத்தன.

இதைச் சலுகை என்று நினைக்க வேண்டாம். அரசும் முதற்குடிகளும் 1899இல் கையெழுத்திட்ட எட்டாம் உடன்படிக்கை, பூர்வகுடிகளின் உரிமைகளை ஏற்கும் 1982ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 35ஆம் பிரிவு, பூர்வகுடிகளின் உரிமையைத் தொடும் எதையும் செய்யுமுன் அரசு அவர்களைக் கலந்து பேச வேண்டும் என்று 2004இலும் 2005இலும் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்புகள், இவையெல்லாம் பின்னால் நிற்கின்றன. 2005 தீர்ப்பு, மேலே சொன்ன மிகிசூ கிரீ மக்கள் தாங்களே வழக்காடிப் பெற்றது.

யாழ்ப்பாணத்தில், வலிகாமம் வடக்கில் உங்கள் வீடும் தோட்டமும் இராணுவத்தின் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்ப் பல வருடம் பார்க்கக்கூட முடியாமல் இருந்ததை நீங்கள் எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே கதை என்று நான் சொல்ல மாட்டேன், அவர்களுடைய வரலாறு வேறு. ஆனால் "அவையின்ர கம்பனி" என்று எழுதியபோது உங்கள் மனதில் இருந்த தயக்கத்தை, அந்தத் தோட்டத்தை நினைத்துக்கொண்டு ஒருமுறை திரும்பிப் பாருங்கள். மகனோடு இதைப் பேசினால் அவர் அங்கே போகிற விதமே மாறும்.

சரி, தலைமைக்கு வருவோம்.

சாதாரணக் கம்பனியில் தலைமை நிர்வாகி பங்குதாரருக்குப் பதில் சொல்கிறார். பங்குதாரருக்குப் பிடிக்காவிட்டால் பங்கை விற்றுவிட்டுப் போவார். இங்கே பங்குதாரர் ஒரு ஊர். அவர்கள் விற்றுவிட்டுப் போகப்போவதில்லை. எண்ணெய் முடிந்த பிறகும் அதே ஆற்றங்கரையில்தான் இருப்பார்கள். லாபம் முதியோர் வீடாகவும், பிள்ளைகளின் படிப்பாகவும் திரும்பி ஊருக்குள் வர வேண்டும். கடையில் பால் வாங்கப் போகிற இடத்தில், "என் பேரனுக்கு ஏன் இன்னும் வேலை தரவில்லை?" என்று ஒரு பாட்டி கேட்பார். அவரும் முதலாளிதான். அந்தக் கேள்விக்கு நின்று மரியாதையாகப் பதில் சொல்லத் தெரியாதவர், விலைமனுக் கணக்கில் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் நிலைக்க மாட்டார்.

ஊர்ச் சபைக்குத் தேர்தல் உண்டு. அவ்வளவு காலம் தலைவராக இருந்த ஜிம் புஷேகூட 2019 தேர்தலில் தோற்றார். சபை மாறும்போதெல்லாம் கம்பனியும் ஆடினால் வாடிக்கையாளர் ஓடிவிடுவார். அதனால் நல்ல சமூகங்கள் சபைக்கும் கம்பனிக்கும் நடுவே ஒரு பணிப்பாளர் சபையை வைத்து, அன்றாட வியாபாரத்தில் அரசியல் நுழையாமல் பார்த்துக்கொள்கின்றன. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பழங்குடிச் சமூகங்களின் பொருளாதாரத்தைப் பல ஆண்டுகளாக ஆராய்கிறவர்களும், இப்படிப் பிரித்து வைத்த நிறுவனங்களே கூடுதலாகத் தாக்குப்பிடிக்கின்றன என்று கண்டிருக்கிறார்கள். மகன் சேரப்போகும் கம்பனியில் அந்தச் சபையில் யார் இருக்கிறார்கள், அவர்களை யார் நியமிக்கிறார்கள் என்று அவர் கேட்கட்டும்.

இன்னும் கடினமான ஒன்று இருக்கிறது. முதலாளியும் வாடிக்கையாளரும் மோதிக்கொள்ளும் நாள் வரும். கேர்ள் என்ற எண்ணெய் மணல் சுரங்கத்தில் 2022 மே மாதமே கழிவுநீர்க் கசிவு தெரிந்திருந்தது. கீழே ஆற்றோரம் வாழும் அதபாஸ்கா சிப்பவயன் என்ற முதற்குடி மக்களுக்கு அது எவ்வளவு பெரியது என்பது 2023 பெப்ரவரியில் இன்னொரு பெரிய கசிவு நடந்த பிறகுதான் சொல்லப்பட்டது. அவர்களுடைய தலைவர் அலன் அடம் பகிரங்கமாகக் கொதித்தார். 2024இல், சுரங்கங்களைக் கண்காணிக்கும் மாகாண ஒழுங்குமுறை அமைப்பின்மீது வழக்கும் போட்டார்கள். அதே சமூகத்துக்கு அக்டன் என்ற பெயரில் எண்ணெய் மணல் பகுதியில் வேலை செய்யும் கம்பனிகளும் இருக்கின்றன. தண்ணீரும் மீனும் அவர்களுக்கு உயிர், சுரங்க வேலை அவர்களுக்குச் சம்பளம். இரண்டும் ஒரே வீட்டுக்குள் இருக்கின்றன. இப்படியான கம்பனியை நடத்துகிறவர், முதலாளி வழக்குப் போட்ட மறுநாளும் காலை ஆறு மணிப் பாதுகாப்புக் கூட்டத்தை ஒழுங்காக நடத்தி, லொறிகளை அனுப்பி, இரண்டு பக்கமும் பொய் சொல்லாமல் இருக்க வேண்டும். எந்த எம்.பி.ஏ. வகுப்பிலும் இதைப் பழக முடியாது. அங்கேயே சில வருடம் காது கொடுத்துக் கேட்டுத்தான் பழக வேண்டும்.

எல்லாக் கம்பனியும் நேர்மையானது அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஒப்பந்தம் எடுப்பதற்காக ஒரு சமூகத்தின் பெயரை முன்னால் வைத்து, வேலையும் பணமும் வேறு கைக்குப் போகிற இடங்களும் இருக்கின்றன. நாங்கள் பினாமி என்போமே, அதுதான். காகிதத்தில் 51 வீதம் இருக்கும். ஆனால் இயந்திரங்களெல்லாம் தனியார் பங்காளியுடையவை, அதற்கு வாடகை, மேலே நிர்வாகக் கட்டணம், இரண்டும் கழிந்த பிறகு பங்கிட ஒன்றும் மிஞ்சாது. மகன் நேர்முகத்தில் தயங்காமல் கேட்கட்டும்: இயந்திரங்கள் யாருடையவை? நிர்வாகக் கட்டணம் எப்படிக் கணக்கிடப்படுகிறது? ஊர் ஆட்களில் எத்தனை பேர் மேற்பார்வையாளர் நிலையில் இருக்கிறார்கள்? கடைசிக் கேள்விக்கு வருகிற பதில்தான் எனக்கு முக்கியம். ஊர்ப் பெயரில் ஓடும் கம்பனியில் ஊர்ப் பிள்ளைகள் துடைப்பத்தோடு மட்டும் நிற்கிறார்கள் என்றால் மகன் அங்கே போகத் தேவையில்லை. கனடிய பூர்வகுடி வணிகப் பேரவை, பெரும்பான்மைப் பங்கு பூர்வகுடிகளிடம் இருக்கும் நிறுவனங்களுக்குச் சான்று கொடுக்கிறது. அந்தப் பட்டியலையும் ஒருமுறை பாருங்கள்.

இதிலிருந்துதான் மகனுக்கு நான் சொல்ல விரும்புவது வருகிறது. அங்கே வெளியாள் ஒருவர் நல்ல தலைவரா என்பதைத் தனக்குப் பிறகு யாரை உருவாக்கினார் என்பதை வைத்தே பார்ப்பார்கள். கீழே வேலை பழகும் கிரீ இளைஞர் ஒருவர் பத்து வருடத்தில் அந்தக் கதிரையில் இருக்க வேண்டும், அதற்கு வழி செய்வது மகனுடைய வேலை. "நான் நடத்துவன்" என்பதற்குள் இதுவும் அடங்கும். சம்மதம் என்றால் அவருக்கு அதைவிட நல்ல பயிற்சிக்களம் எனக்குத் தெரியாது. கல்கரி அலுவலகத்தில் ஒரு குழாயின் ஒரு பகுதியைப் பார்த்துக்கொண்டு ஐந்து வருடம் இருக்கலாம். இங்கே இரண்டாம் வருடமே விலைமனு, ஆள் அமர்த்தல், லொறி பழுது, வாடிக்கையாளர் சண்டை எல்லாம் கையில் வந்துவிடும்.

அவர் எதிர்பார்க்காத ஒரு சிக்கல் உண்டு. பொறியியலாளர் உரிமம். அல்பேர்ட்டாவில் பட்டம் முடித்தபின் குறைந்தது நான்கு வருட அனுபவம் காட்ட வேண்டும், அதைப் பொறியியலாளர் உரிமம் உள்ள ஒருவர் உறுதிப்படுத்தினால் நல்லது. சின்னச் சேவைக் கம்பனிகளில் அப்படி ஒருவர் இல்லாமலே இருக்கலாம். நான்கு வருடம் உழைத்துவிட்டு அனுபவம் கணக்கில் வரவில்லை என்று என்னிடம் வந்து அழுத பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். கையெழுத்துப் போடுமுன் இதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

எண்ணெய் விலையையும் மறக்காதீர்கள். 2014 நடுவில் பீப்பாய் 100 டொலருக்கு மேல் இருந்தது, 2016 தொடக்கத்தில் 30க்கும் கீழே விழுந்தது. அப்படியான காலத்தில் முதலில் வெட்டப்படுவது சேவைக் கம்பனிகளின் ஒப்பந்தங்கள்தான். அதே 2016 மே மாதம் காட்டுத்தீ வந்து ஃபோர்ட் மக்மரியில் 80,000க்கு மேற்பட்டோர் வெளியேறினார்கள். அப்போது தப்பி வடக்கே போன ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சோறும் படுக்கையும் கொடுத்தது சில நூறு பேர் வாழும் அந்த ஃபோர்ட் மக்கேதான். மகன் ஆறு மாதச் செலவுக்கான பணத்தை முதல் வருடத்திலேயே ஒதுக்கி வைக்கட்டும்.

உங்கள் மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக. குளிர் ரொறன்ரோவைவிட மோசம், ஆனால் நல்ல உடுப்பு இருந்தால் சமாளிக்கலாம். தங்குமிடத்தில் தனி அறையும் மூன்று வேளைச் சாப்பாடும் இருக்கும். பெரும்பாலும் 14 நாள் வேலை, பிறகு 7 அல்லது 14 நாள் விடுமுறை. வெறுமையான அந்த விடுமுறை நாட்களில்தான் சில பிள்ளைகள் குடியில் விழுகிறார்கள், ஆகவே அந்த நாட்களில் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். சுரங்கத்துக்குள் நுழையுமுன் போதைப்பொருள் பரிசோதனை செய்வார்கள். கஞ்சா 2018இலிருந்து சட்டப்படி சரி என்பது அங்கே சாட்டாக எடுபடாது. இதை நீங்கள் கேட்டால் கோபிப்பார், நான் கேட்கிறேன். நச்சு வாயுப் பாதுகாப்புக்கு ஒருநாள் வகுப்பு இருக்கிறது, சான்று மூன்று வருடம் செல்லும். அதை இங்கிருந்து புறப்படுமுன் முடித்தால் நல்லது. அல்பேர்ட்டாப் பல்கலைக்கழகம் பூர்வகுடிகளின் வரலாறு பற்றி இணையத்தில் இலவசப் பாடம் ஒன்று நடத்துகிறது, 12 பகுதிகள். மகன் தொடங்கட்டும். அக்கா, நீங்களும் பக்கத்தில் இருந்து பாருங்கள்.

வேலைக் கடிதத்தின் பிரதியோடு சனிக்கிழமை காலை இருவரும் வாருங்கள். பதில் சொல்ல இன்னும் பத்து நாள் இருக்கிறது என்றீர்கள். அதற்குள் அந்தக் கம்பனியிடம் கேட்க வேண்டியவற்றை மூவருமாக இருந்து ஒரு மின்னஞ்சலாக எழுதி அனுப்பிவிடலாம்.