பிரெஞ்சு எழுத்தாளர் மாப்பசானின் 'நெக்லஸ்' கதையில் மத்தில்டை வீழ்த்தியது பகட்டா, விதியா?

நகையைத் தொலைத்தது விதி என்றே வைத்துக்கொள்ளலாம். பத்து வருஷ வாழ்க்கையைத் தொலைத்தது வறட்டு கௌரவம். இரண்டும் எந்தெந்த இடத்தில் கைகோக்கின்றன என்று பார்த்தால்தான் கதையின் அருமை புரியும்.

1884 பிப்ரவரியில் பாரிஸ் நாளிதழ் ஒன்றில் வெளிவந்த சிறுகதை இது. கல்வி அமைச்சகக் குமாஸ்தா லுவாசெலின் மனைவி மத்தில்ட். விதி செய்த பிழையால் குமாஸ்தா குடும்பத்தில் பிறந்துவிட்டவள் போல என்று முதல் வாக்கியத்திலேயே வருகிறது. பலர் இதை ஆசிரியரின் தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். அது அவள் தன்னைப் பற்றி நினைத்துக்கொள்வது என்பதே என் வாசிப்பு. தனக்கு வாய்த்ததைத் தப்பாக வந்து சேர்ந்த வாழ்க்கை என்று நினைப்பவளுக்கு, விதியை நொந்துகொள்வதும் பகட்டில் சேர்த்திதான்.

அமைச்சர் தரும் விருந்துக்கு அழைப்பு வருகிறது. கணவன் துப்பாக்கி வாங்கச் சேர்த்த 400 பிராங்க் அவள் உடைக்குப் போகிறது. நகை இல்லையே என்கிறாள். பத்து பிராங்குக்கு இரண்டு மூன்று ரோஜாக்கள் கிடைக்குமே என்கிறான் அவன். பணக்காரப் பெண்கள் நடுவே ஏழையாகத் தெரிவதைவிட அவமானம் வேறில்லை என்று மறுத்து, தோழி ஃபொரெஸ்தியேயிடம் வைர நெக்லஸ் இரவல் வாங்குகிறாள்.

முக்கியமான இடம் விருந்து முடிந்து வெளியேறும் காட்சி. காலை நாலு மணி. வீட்டில் போடும் சாதாரண மேலங்கியை அவள் தோளில் போடுகிறான் கணவன். விலையுயர்ந்த ரோமச் சால்வை போர்த்திய மற்ற பெண்கள் அதைப் பார்த்துவிடக் கூடாதே என்று மத்தில்ட் அவசரப்படுகிறாள். 'இரு, வெளியே குளிரும், வண்டி கூப்பிடுகிறேன்' என்று அவன் சொல்வதைக் காதில் வாங்காமல் படியிறங்கி ஓடுகிறாள். நகை தொலைந்துபோகிறது. எங்கே விழுந்தது என்று மாப்பசான் கடைசிவரை சொல்வதில்லை. விதிக்கு அவர் விட்ட இடம் அவ்வளவுதான். அந்த ஓட்டம் மட்டும் அவளுடையது.

இதற்குப் பிறகும் தப்பிக்க வழி இருந்தது. தோழியிடம் ஒரு வார்த்தை உண்மை சொன்னால் போதும், விஷயம் முடிந்திருக்கும். 'கொக்கி உடைந்துவிட்டது, சரிசெய்யக் கொடுத்திருக்கிறேன் என்று எழுது' என்கிறான் கணவன். அவளைப் பற்றியே பேசுகிறவர்கள் அவனுடைய இந்தப் பங்கை விட்டுவிடுகிறார்கள். வெளியில் தெரியக் கூடாது என்ற பயம் இருவருக்கும் பொது.

விதி ஒரு குறிப்பும் கொடுத்துப் பார்க்கிறது. நகைப்பெட்டிக்குள் பெயர் இருந்த கடைக்காரர் தன் கணக்கேட்டைப் புரட்டிவிட்டு, நெக்லஸை நான் விற்கவில்லை, பெட்டி மட்டும்தான் என்னுடையதாக இருக்கும் என்கிறார். நகை ஒரு இடம், பெட்டி இன்னொரு இடம் என்றால் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? கறுப்பு சாட்டின் பெட்டியில் பளபளத்தது வைரம்தான் என்பதை அவள் ஒரு கணமும் சந்தேகித்ததில்லை. தோற்றத்தை வைத்தே எதையும் எடைபோடுகிறவள் அவள்.

தொலைந்ததற்கு ஈடாக, 40,000 சொன்ன அதேபோன்ற நெக்லஸ் 36,000 பிராங்குக்குப் படிகிறது. கணவனின் அப்பா விட்டுப்போன 18,000 போக மீதியெல்லாம் கடன், வட்டிக்காரர்களிடம் எழுதிக்கொடுத்த பத்திரங்கள். திருப்பிக் கொடுக்கும்போது தோழி பெட்டியைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. வேலைக்காரியை நிறுத்திவிட்டு கூரைக்கு அடியிலுள்ள மாடி அறைக்குக் குடிபோகிறார்கள். அடைத்து முடிக்கப் பத்து வருஷம்.

தொலைந்த நகையோ போலி, அதிகம் போனால் 500 பிராங்க். உடையையும் சேர்த்தால் அந்த ஒரு ராத்திரிப் பவிசின் உண்மை விலை 900.

கடைசிக் காட்சியில் பாரிஸின் ஷான்ஸ் எலிசே சாலையில் தோழியைப் பார்க்கும்போது, இத்தனை வருஷம் மறைத்ததை மத்தில்ட் தானாகவே வாய்விட்டுச் சொல்கிறாள். கடனை அடைத்த பெருமை. மாற்றி வைத்ததை நீ கண்டுபிடிக்கவில்லை பார் என்று கள்ளமில்லாமல் சிரிக்கிறாள். அந்தப் பெருமை வாயைத் திறக்க வைக்காமல் இருந்திருந்தால், அது போலி என்பதே அவளுக்குத் தெரிந்திருக்காது.